பொடிக்கு ஒரு சுழி அதிகம்

தொண்ணூறடி ரோடு வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு விழாவில் சால்வை இரண்டு வகைப்படும். பேரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்துவது ஒன்று. விழா முடிந்து பந்தல்காரர்கள் நாற்காலியை அடுக்கும்போது, "அண்ணாச்சி, நீங்களும் ஒண்ணு வச்சிக்கிடுங்க" என்று பிளாஸ்டிக் உறையோடு கையில் திணிப்பது மற்றொன்று. தாராவியில் முப்பது வருஷமாக மாவு மில் நடத்தும் பிரம்மநாயகத்துக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் இரண்டாவது வகைதான். வீட்டில் பீரோ நிறைய இருக்கிறது.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் போன வருஷம் முதல் வகைச் சால்வை, தோல் பை தைக்கும் இஜாஸின் தோளில் விழுந்தது. இஜாஸுக்கு வயது இருபத்தொன்பது. 'இன்ஸ்டாகிராமில் நாற்பதாயிரம் பேர் பின்தொடரும் இளம் தொழிலதிபர்' என்று மைக்கில் முழங்கினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த பிரம்மநாயகம் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்தார்.

"நாப்பதாயிரம் பேரு பின்னால போறதுக்கு அவன் என்ன சாமி சப்பரமா வே?"

"போன்ல அண்ணாச்சி. போன்ல பின்னால வாரது."

"நம்ம பின்னால எத்தனை பேரு இருக்காவ?"

பக்கத்து நாற்காலிக்காரர் மரியாதைக்காகத் திரும்பிப் பார்த்தார். நான்காவது வரிசை காலியாக இருந்தது.

அன்றைக்கே பிரம்மநாயகத்துக்கு வியாதி பிடித்துவிட்டது. மில்லுக்கு ஒரு குறையும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மாட்டுங்கா, செம்பூர், அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ் என்று அறுநூறு வீடுகளுக்கு இட்லிப் பொடி அங்கிருந்துதான் போகிறது. அதுவும் ஒரே பொடி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டுக் கைப்பக்குவத்தில் அரைத்துக் கொடுப்பதுதான் அந்த மில்லின் பெருமை. மாட்டுங்கா வேதவல்லி மாமிக்குப் பூண்டு ஆகாது, பெருங்காயம் தூக்கலாக வேண்டும். செம்பூர் செல்வமேரிக்குப் பூண்டு இல்லாவிட்டால் அது பொடியே இல்லை. இந்த அறுநூறு நாக்குகளையும் மனப்பாடமாக வைத்திருந்தவள் பிரம்மநாயகம் அல்ல. பதினெட்டு வருஷமாக மில்லின் முன்மேசையில் உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுக்கும் இசக்கிசெல்வி. 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே எந்த மாமி, எந்தப் பொடி என்று கண்டுபிடித்துவிடுவாள். மேடையேற்ற வேண்டிய வித்தைதான். ஆனால் சங்கத்தில் அதற்குச் சால்வை கிடையாது.

பிரம்மநாயகத்தின் வியாதிக்கு வைத்தியர் செம்பூரிலிருந்து வந்தார். பெயர் ஜோஷுவா. அந்தப் பூண்டுப் பொடி செல்வமேரியின் மகன். "என் மவனும் இந்த மாதிரிதான் போன்ல என்னமோ செய்யுதான் அண்ணாச்சி. என்னன்னு எனக்கே தெரியல" என்று அந்த அம்மாள் ஒருநாள் வாய்தவறிச் சொன்னதன் விளைவு. இரண்டு வருஷம் கால் சென்டர், ஆறு மாசம் ஜிம் பயிற்சியாளர் என்று சுற்றிவிட்டு, தான் பிறவியிலேயே ஒரு 'பிராண்ட் கதைசொல்லி' என்பதை ஜோஷுவா இருபத்தாறாம் வயதில் கண்டுபிடித்திருந்தான். விசிட்டிங் கார்டிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தான்.

"அங்கிள், உங்ககிட்ட ப்ராடக்ட் ஹை. லேகின் ஸ்டோரி நஹி ஹை. கதை இல்ல."

"மில்லு இருக்கே தம்பி."

"மில்லு யாரு வேணா வெப்பான். ஏன்? அதான் கேள்வி. கண்ண மூடி யோசிங்க. நீங்க ஏன் பொடி அரைக்கிறீங்க?"

பிரம்மநாயகம் கண்ணை மூடி யோசித்தார். "முழுசாத் திங்க முடியாதுல்லா?"

ஜோஷுவா அதை 'ஆழமான நுகர்வோர் வலி' என்று மடிக்கணினியில் குறித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வைத்தியம் வேகமெடுத்தது. 'பிரம்மசக்தி மாவு மில்' என்ற பெயர்ப்பலகை இறங்கி, 'தி பொடி பிராஜெக்ட்' என்று கறுப்புப் பலகை ஏறியது. அதில் ஒரு எழுத்துகூட தமிழில் இல்லை. ஒரு மத்தியானம் ரீல் எடுத்தார்கள். பிரம்மநாயகம் வெள்ளை வேட்டியில் நின்று, இரண்டு கைநிறைய மிளகாய்த்தூளை அள்ளி மேலே வீச வேண்டும். அது மெதுவாக இறங்கும்போது தலையை உயர்த்தி, தொலைநோக்கோடு பார்க்க வேண்டும். வீசினார். பார்த்தார். மிளகாய்த்தூளுக்குத் தொலைநோக்கு கிடையாது. மில்லே அதிர ஒரு அலறல். வேலையாட்கள் நான்கு பேர் சேர்ந்து பிடித்து அவர் கண்ணில் தண்ணீர் அடித்தார்கள். ஜோஷுவா கேமராவை நிறுத்தவில்லை.

"இதான் அங்கிள் ஒரிஜினல் எமோஷன்!"

'பாரம்பரியத்தின் கண்ணீர்' என்ற தலைப்பில் அந்தக் காட்சி அன்று மாலையே வெளியானது. இருநூற்றுப் பதினோரு பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, பத்து நாளைக்கு எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்றார். இந்தப் பத்து நாள் கதைக்கு முக்கியம்.

அடுத்த கட்டம் 'செல்வி'. வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்து, பதில் சொல்லி, விசேஷ நாளில் வாழ்த்தும் சொல்லும் ஒரு தானியங்கி. வாடிக்கையாளர்களுக்குப் பழக்கப்பட்ட பெயராக இருக்கட்டும் என்று இசக்கிசெல்வியின் பெயரில் பாதியை வெட்டி அதற்கு வைத்தான் ஜோஷுவா. முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பால் நிறத்தில் ஒரு பெண்ணை வரைந்து, தலையில் ஒன்றரைக் கிலோ மல்லிகை வைத்திருந்தான்.

"ஆன்ட்டி, உங்க தலையில இருக்கிறத எல்லாம் சிஸ்டத்துக்கு மாத்தணும். நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன்."

இசக்கிசெல்வி நான்கு நாள் சொன்னாள். வேதவல்லி மாமி, பூண்டு கூடாது. பிள்ளையார் கோயில் தெரு ஜானகி மாமி, எள்ளு கறுப்பு. அணுசக்தி நகர் சங்கரசுப்பு சார், காரம் பாதி, அல்சர். ஜோஷுவா எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டே வந்தான்.

"தமிழ்ல அடிக்க மாட்டியளா தம்பி?"

"பேசுவேன் ஆன்ட்டி. படிக்க வராது. எல்லாமே சுழிச்சுச் சுழிச்சு இருக்கு. டென்ஷன் நக்கோ, விடுங்க, இங்கிலீஷ்ல அடிச்சா ஆப்பே தமிழா மாத்திரும்."

அறுநூற்றுப் பன்னிரண்டாவது பெயரைச் சொல்லி முடித்த சாயங்காலம், பிரம்மநாயகம் மருந்து விட்ட கண்களை மூடியபடியே விஷயத்தைச் சொன்னார். மூடிய கண்ணோடு சொல்வது அவருக்கு வசதியாக இருந்தது.

"ஏ செல்வி, ஒண்ணாந் தேதியிலேருந்து நீ அம்பர்நாத் கோடவுனுக்குப் போயிரு. அங்க பாக்கிங்குக்கு ஆளு வேணும்."

"என்ன சொல்லுதிய அண்ணாச்சி? அப்ப போனு?"

"அதான் செல்வி இருக்காள்லா?"

தன் பெயரைச் சொல்லியே தன்னை அனுப்புகிறார் என்பது இசக்கிசெல்விக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மில்லுக்குப் பின்சந்தில்தான் அவள் வீடு. படுக்கையில் விழுந்துவிட்ட மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஓடிப்போய்ப் புரட்டிப் போட்டுவிட்டு வருவாள். அம்பர்நாத்துக்குப் போனால் காலையில் சயானில் ரயிலேறுகிறவள் ராத்திரிதான் திரும்ப முடியும். அந்த முன்மேசை போனால் வேலையே போன மாதிரி. அதை அண்ணாச்சியும் அறிவார். அதனால்தான் கண்ணைத் திறக்கவில்லை.

"என் கதையை நானே உக்காந்து எழுதிக் குடுத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

திறப்பு விழாவுக்கு ஜோஷுவா நாற்பது பக்கத்தில் ஒரு திட்டம் போட்டான். அதன் சாரம் ஒரே ஒரு சொல். "பெரிய பிராண்ட் எல்லாம் ஒத்த வார்த்தைதான் அங்கிள். கஸ்டமர் பேரு, ஒரு கமா, பொடி, ஒரு ஆச்சரியக்குறி. பஸ், முடிஞ்சுது!"

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். பர்சனல் டச்."

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் மக்கள் மனம் திறந்திருக்கிறது என்று டேட்டா சொல்வதாக ஜோஷுவா சொன்னான். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்று பிரம்மநாயகம் சொன்னார். டேட்டா ராகுவுக்கு வழிவிட்டது. பத்து இருபத்தைந்துக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. ஜோஷுவா, பி, ஓ, டி, ஐ என்று நான்கு இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினான். ஆப் அதைத் தமிழாக்கியது. அந்த ஆப்புக்குப் பொடி என்றால் என்னவென்று தெரியாது. தமிழர்கள் இணையத்தில் ஒருவரை ஒருவர் எப்படி விளித்துக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் நன்றாகப் படித்து வைத்திருந்தது. ஜோஷுவா திரையைப் பிரம்மநாயகத்தின் முன்னால் நீட்டினான். கண்ணில் நீர் வழிய, அவர் பச்சையாகத் தெரிந்த பட்டனை அமுக்கினார்.

அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரே நொடியில் செய்தி போனது.

பத்து நாற்பதுக்கு இசக்கிசெல்வியின் சொந்த போன் அடித்தது.

"ஹலோ" என்றது மறுமுனை. அந்த ஹலோவில் பெருங்காயம் இல்லை, காரம்தான் இருந்தது.

"சொல்லுங்க வேதவல்லி மாமி."

"என்னத்தச் சொல்றது? நீதான் சொல்லிட்டியே. பதினெட்டு வருஷமா வாய் நிறைய மாமி மாமின்னே. ரயில்வேல ஹெட் கிளார்க்கா இருந்தவடி நான். என் ஆபீஸ்ல என்னை ஒருத்தன் ஏகவசனத்துல பேசினதில்லை. நீ 'டி' போட்டுப் பேசற!"

"நான் என்ன சொன்னேன் மாமி?"

"வாசிக்கறேன், கேட்டுக்கோ. 'வேதவல்லி மாமி, போடி! இப்படிக்கு உங்கள் செல்வி.' ஆச்சரியக்குறி வேற. சரி, ஏதோ கோபத்துல அனுப்பிச்சிருக்கேன்னு பொறுமையா, 'என்னம்மா இது'ன்னு கேட்டேன். அதுக்கு என்ன பதில் வந்தது தெரியுமா? 'உங்கள் அன்புக்கு நன்றி. போடி!'"

இசக்கிசெல்வி அடுத்த போனை எடுத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. படித்துவிட்டுப் பதில் போடாமல் இருந்த பெருந்தன்மைக்காரர்களுக்கும் தானியங்கி விடுதலை தரவில்லை. பதினொன்றரைக்கு அவர்களுக்கெல்லாம் இரண்டாவது தவணை போயிற்று: 'இன்னும் என்ன யோசனை? போடி!' அணுசக்தி நகர் சங்கரசுப்பு சார் ஓய்வுபெற்ற என்ஜினீயர். எதையும் முறைப்படி செய்கிறவர். 'அம்மையீர், நான் ஆண். நியாயமாக வேறு விகுதி வந்திருக்க வேண்டும். பிழையைத் திருத்தவும்' என்று எழுதியிருந்தார். தானியங்கி உடனே திருத்திக்கொண்டது. 'சுட்டிக்காட்டியதற்கு நன்றி. போடா!'

உள்ளறையில் ஜோஷுவா துள்ளிக்கொண்டிருந்தான். "ஓப்பன் ரேட் தொண்ணூத்தி ஆறு! ரிப்ளை ரேட் எழுபத்திரெண்டு! அங்கிள், இண்டஸ்ட்ரில எவனுக்கும் வந்ததில்ல. எல்லாரும் ஆச்சரியக்குறி போட்டுப் போட்டுப் பதில் அனுப்புறாங்க. ஹை எக்ஸைட்மென்ட்!"

பிரம்மநாயகம் சால்வையின் கனத்தைத் தோளில் உணர ஆரம்பித்திருந்தார். இசக்கிசெல்வி உள்ளே வந்து போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, இத வாசிங்க."

அவர் கண்ணைச் சுருக்கி, எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "பொடின்னுதான போட்டிருக்கு?"

"கொம்பப் பாருங்க. ஒரு சுழி கூட இருக்கு."

பார்த்தார். உதடு ஒருதரம் அசைந்தது. தோளில் உணர்ந்த சால்வை இறங்கிவிட்டது.

"ஏல ஜோஷுவா..."

"ஒரு சுழிதான அங்கிள்? இக்னோர் மாரோ. நெகட்டிவ் பப்ளிசிட்டியும் பப்ளிசிட்டிதான். இப்ப சாரி கேட்டோம்னா ரீச் விழுந்துரும்."

பிரம்மநாயகம் ரீச்சைப் பற்றி யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறுநூறு வீட்டாரில் யாரை எதிர்கொள்வது என்று யோசித்தார். யோசித்து, முப்பது வருஷ வியாபார மூளையால் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"செல்வி, இங்க பாரு. ஒன் பேருலதான போயிருக்கு? நீயே எல்லாருக்கும் போன் போட்டு, தெரியாம அடிச்சிட்டேன், கை தவறிட்டுன்னு சொல்லிரு. என்ன? சொல்லிட்டா நீ அம்பர்நாத் போகாண்டாம். ஒன் மேசையிலயே இருந்துக்கோ."

இசக்கிசெல்வி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மேசை வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சந்துக்கு ஓடவும் வேண்டும். ஆனால் நாளைக்கு அந்த மேசையில் உட்கார்ந்து போனை எடுத்தால், மறுமுனையில் 'ஹலோ' சொல்கிறவள் யாரை நினைத்துக்கொண்டு சொல்வாள்? வாய் தவறினவளையா, வேண்டுமென்றே வைதவளையா? பதினெட்டு வருஷத்தில் அவள் சேர்த்தது அந்த 'ஹலோ' ஒன்றைத்தான்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. செம்பூரிலிருந்து செல்வமேரி இறங்கினாள். கையில் வேதாகமம், மறு கையில் போன். சர்ச்சில் மாதர் ஜெபக் கூட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள்.

"யாரு அண்ணாச்சி இத அனுப்புனது? ஜெபத்துக்கு நடுவுல போன் 'டிங்'குன்னுச்சு. எனக்குக் கண்ணாடி இல்ல, பக்கத்துல ஜாக்குலின்கிட்ட வாசிக்கச் சொன்னேன். அவ சத்தமா வாசிச்சிட்டா. நாப்பது பொம்பளைங்க முன்னால!"

பிரம்மநாயகம் இசக்கிசெல்வியைப் பார்த்தார். "இவதான் கை தவறி..."

"அக்கா" என்றாள் இசக்கிசெல்வி. அண்ணாச்சி பேச்சில் அவள் குறுக்கிட்டது அதுதான் முதல் தடவை. "அனுப்புனவரு உள்ளதான் இருக்காரு. அவரையே வாசிக்கச் சொல்லுங்க."

"மம்மி, நீ ஏன் இங்க?" என்று வெளியே வந்தான் ஜோஷுவா.

செல்வமேரி போனை நீட்டினாள். "வாசில."

"மம்மி, எனக்குத் தமிழ்..."

"வாசின்னு சொல்லுதேன்லா."

வேறு வழியில்லாமல் அவன் திரையின் மூலையிலிருந்த ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டான். பன்னீர் தெளித்த குரலில் போன் சொன்னது: "செல்வமேரி ஆன்ட்டி, போடி! இப்படிக்கு உங்கள் செல்வி." நிறுத்தத் தெரியாமல் மறுபடி தொட்டான். மறுபடி சொன்னது. மில்லில் எந்திரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது தடவை சொன்னது தெரு வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"தமிழ் டியூஷனுக்கு அனுப்புனா சுவரேறிக் குதிச்சுக் கிரிக்கெட் ஆடப் போனல்லா?" என்றாள் செல்வமேரி. "நாலு எழுத்து வாசிக்கத் தெரியல, இதுல கதைசொல்லியாம் கதைசொல்லி. பெத்தவளையே போடிங்கானே, இதுக்கு நாப்பது பக்கம் திட்டமால?"

"மம்மி, அது ஆப்..."

"ஆப்புதான். வீட்டுக்கு வா, வைக்கேன்."

மடிக்கணினியை அவனே மூடினான்.

ஆட்டோ போன பிறகு பிரம்மநாயகம் தொண்டையைச் செருமினார். இசக்கிசெல்வி தன் மேசையில் போய் உட்கார்ந்து ஒரு எண்ணை அடித்து, போனை அவரிடம் நீட்டினாள்.

"போனு நான் போட்டுத் தாரேன் அண்ணாச்சி. பேசுறது நீங்க."

"நானா?"

"அப்ப நான் அம்பர்நாத்துக்கே போறேன். ஆனா அறுநூறு பேரு குரலும் எனக்குத்தான் தெரியும். ஒங்களுக்கு யாரு யாருன்னு தெரியாது பாருங்க."

பேசினார். மூன்று நாள் பேசினார். "மாமி, நான்தான் மில்லு பிரம்மநாயகம். தப்பு என்னுதுதான்" என்று ஆரம்பித்து, மறுமுனையில் வருவதையெல்லாம் நின்றபடியே வாங்கிக்கொண்டார். வேதவல்லி மாமி பன்னிரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். சங்கரசுப்பு சார் விகுதிகளைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தார். எல்லாரும் வைது முடித்துக் கடைசியில் சொன்னது மட்டும் ஒன்றுதான்:

"சரி சரி, செல்விகிட்டக் குடுங்கோ."

செல்வியிடம் கொடுத்தார். அவள் ஆர்டர் எழுதிக்கொண்டாள்.

ஒன்றாம் தேதி வந்தது. யாரும் அம்பர்நாத் பேச்சை எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் சங்கத்தின் இந்த வருஷ விழா. பிரம்மநாயகத்துக்கு மேடையில் இடம். மாட்டுங்கா மாமிகள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் அந்தச் செய்தியைப் படம் பிடித்துப் போட, அது ஊர் சுற்றி, 'போடி பிராஜெக்ட்' என்று மூன்று லட்சம் பேர் சிரித்திருந்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று சங்கம் விசாரிக்கவில்லை. மூன்று லட்சம் என்ற எண் போதுமானதாக இருந்தது. 'டிஜிட்டல் யுகத்தில் வாடிக்கையாளரின் இதயத்தைத் தொடுவது எப்படி' என்ற தலைப்பில் அவர் பேச வேண்டும். மறுக்கவில்லை. பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தது ஜோஷுவா. அவனும் 'என் தோல்வி எனக்குக் கற்றுத்தந்த ஐந்து பாடங்கள்' என்று இணையத்தில் எழுதி ஆயிரத்து நூறு பேரிடம் கைதட்டு வாங்கியிருந்தான். ஆறாவது பாடமாகத் தமிழ் எழுத்தைச் சேர்க்கவில்லை. அந்தேரியில் ஒரு ஊறுகாய் கம்பெனிக்கு இப்போது கதை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மில்லில் இசக்கிசெல்வி மட்டும் இருந்தாள். ஒலிபெருக்கியில் விழாச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அண்ணாச்சியின் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். கைதட்டினார்கள். முதல் வகைச் சால்வை விழுந்திருக்க வேண்டும்.

அப்போது மேசையிலிருந்த மில் போன் 'டிங்' என்றது. பால் நிறப் பெண் மல்லிகைப்பூவோடு திரையில் வந்து நின்றாள். கீழே எழுதியிருந்தது:

'உங்கள் சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. செல்வியை வேலையிலிருந்து நீக்கவா? ஆம். இல்லை.'

இசக்கிசெல்வி அதை இரண்டு தடவை படித்தாள். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு 'ஆம்' என்பதை அமுக்கினாள். மல்லிகைப்பூக்காரி மங்கி மறைந்துகொண்டிருக்கும்போது, திரையைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள்.

இந்தத் தடவை அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.